எட்டு பின்னுக்கு எட்டு பின்: ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த கதை

கும்பகோணத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஆவணி முகூர்த்த சீசனுக்கு முன்னாடி ஒரு செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கினார். ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் மூணு நாலு வருஷம் ஓடி, லீஸ் முடிஞ்சு வெளியே வந்த பெட்டி. ஐ5 6500 பிராசசர், எட்டு ஜிபி ராம், விலையும் மலிவு. கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ண ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் நல்லாருக்கும் என்று நினைத்திருக்கிறார். கடைக்கு வழக்கமாக வரும் சர்வீஸ் தம்பி திறந்து பார்த்துவிட்டு, "சப்ளை சின்னதா இருக்குண்ணே, மாத்திடலாம்" என்றான். கடையில் கிடைக்கிற பவர் சப்ளையில் இருப்பது 24 பின் கனெக்டர். இந்தப் போர்டில் இருந்ததோ எட்டே எட்டு பின். அதுக்கென்ன, 24-லிருந்து எட்டுக்கு மாற்றும் அடாப்டர் ஒயர் ஆன்லைனில் கிடைக்கிறது. வந்தது, சொருகினான், கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒரு வாசனை. போர்டு போச்சு.

நண்பர் எனக்கு போன் பண்ணியபோது பக்கத்தில் அந்தத் தம்பியின் குரலும் கேட்டது. "எட்டு பின்னுக்கு எட்டு பின்னு கரெக்டா உக்காந்துச்சுண்ணே. அப்புறம் எப்படி?"

நியாயமான கேள்வி. உட்காரக் கூடாத இடத்தில் ஒரு பிளக் உட்காரவே முடியாதபடி செய்ய வேண்டியது யார் பொறுப்பு? இதைத் தேடப் போய் நாற்பது வருஷத்துக்கு முன்னால் போய் நின்றேன். நோட்டில் எழுதி வைத்ததை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் போடுகிறேன்.

ஆபீஸ் மேஜைக்கு வந்த கம்ப்யூட்டர் என்றால் ஐபிஎம்மின் 5150-லிருந்துதான் தொடங்க வேண்டும். 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி நியூயார்க்கில் அறிவித்தார்கள். ஃபுளோரிடாவில் போகா ரேடன் என்ற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சின்னக் குழு செய்தது. ஆரம்ப விலை 1,565 டாலர். அந்த விலைக்கு டிஸ்க் டிரைவ்கூட கிடையாது, 16 கேபி நினைவகம்தான். ஆனால் போர்டில் ஐந்து ஸ்லாட் காலியாக இருந்தது. 8087 கணக்கு சிப்புக்கு ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. ராம் சிப்புகள் நாலு வரிசை, வரிசைக்கு ஒன்பது. எட்டு பிட்டுக்கு எட்டு சிப், பிழை பார்க்க ஒன்று. முதல் வரிசையை மட்டும் சால்டர் பண்ணியிருந்தார்கள், மற்ற மூணுக்கும் வெறும் சாக்கெட். அதாவது "நீ பின்னாடி வாங்கிச் சொருகிக்கோ" என்று போர்டே சொல்லிக்கொண்டிருந்தது.

சொருகினால் மட்டும் போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த மெஷினுக்கு முழுசாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். போர்டில் பல்வரிசை மாதிரி இரண்டு சுவிட்ச் தொகுப்புகள் இருந்தன. எத்தனை ஃபிளாப்பி, என்ன வகை டிஸ்ப்ளே, 8087 உண்டா, மெமரி எவ்வளவு, எல்லாவற்றையும் பேனா முனையால் தள்ளித் தள்ளிச் சொல்லணும். இன்று இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்த சுவிட்ச் எதற்கு என்று ஐபிஎம் புத்தகம் போட்டது. அதோடு நிற்கவில்லை. தனியாக ஒரு டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் மேனுவலில் முழு சர்க்யூட் படத்தையும், பயாஸ் நிரலை வரிக்கு வரி அச்சிட்டும் விற்றது. எந்தப் பின்னில் என்ன வோல்ட் என்பது கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய தகவல்.

பவர் சப்ளை கதையும் அங்கேயே ஆரம்பிக்கிறது. 5150-ல் இருந்தது 63.5 வாட் சப்ளை. ஹார்ட் டிஸ்க் போட்டால் தாங்காது. 1983-ல் 10 எம்பி ஹார்ட் டிஸ்கோடு எக்ஸ்டி வந்தபோது அதற்கு 130 வாட் கொடுத்தார்கள். பழைய பெட்டிக்காரர்களும் பெரிய சப்ளை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். போர்டுக்குப் போகும் ஒயர், பி8, பி9 என்று இரண்டு துண்டு பிளக்காக வரும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். இடம் மாற்றிச் சொருகினாலும் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். மாறினால் போர்டு காலி. அந்தக் காலத்து மெக்கானிக் எல்லாருக்கும் தெரிந்த பாடம் ஒன்றுதான்: கறுப்போடு கறுப்பு சேரணும். கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒட்டி வந்தால் சரி, ஓரத்துக்குப் போனால் தப்பு. நம்ம தம்பியின் கேள்வி அன்றைக்கே பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

1984 ஆகஸ்டில் வந்த ஏடி மாடல்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பாத்திரம். 80286 பிராசசர், 16 பிட் ஸ்லாட், பேட்டரியில் ஓடும் கடிகாரம். கூடவே ஒரு சின்ன சிமாஸ் நினைவகம். சுவிட்ச் தள்ளிய வேலையில் பெரும்பகுதி அதற்குப் போனது. அமைப்புகளை ஒரு ஃபிளாப்பி போட்டு எழுதி வைத்தால் பேட்டரி இருக்கும்வரை மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளும். முன்பக்கம் ஒரு சாவித் துவாரமும் இருந்தது. பூட்டினால் மூடியும் திறக்காது, கீபோர்டும் வேலை செய்யாது.

அந்தப் பூட்டைவிட பெரிய பூட்டு ஒன்று பிறகு வந்தது. ஏடியின் வேகம் 6 மெகாஹெர்ட்ஸ். போர்டில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலிலிருந்து அதில் பாதியாக அந்த வேகம் வரும். அந்தக் கிறிஸ்டல் சால்டர் பண்ணாமல் சாக்கெட்டில் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலை வைத்தால் மெஷின் 8-ல் ஓடும் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். சில டாலரில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுதல். 1985 கடைசியில் ஐபிஎம் மாற்றிக் கொடுத்த பயாஸ், பூட் ஆகும்போது வேகத்தை அளந்து பார்க்கும். அதிகமாக இருந்தால் கிளம்பாது. வாங்கியவர் தன் பொருளைத் திறந்து சரிசெய்வதை விற்றவர் மென்பொருளால் தடுத்த முதல் சம்பவம் இதுதானா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் பிசி உலகில் நான் பார்த்த தெளிவான பழைய உதாரணம் இது. உருப்படியான தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருந்திருக்கலாம், எல்லா சிப்பும் அந்த வேகத்துக்குச் சோதிக்கப்படவில்லை. ஆனாலும் 8 மெகாஹெர்ட்ஸ் மாடலை அடுத்து ஐபிஎம்மே விற்றது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இதற்குள் நகல் பெட்டிகள் வந்துவிட்டன. பயாஸ் அச்சில் இருந்ததே தவிர காப்புரிமையும் இருந்தது. அதைப் படித்தவர் எழுதினால் வழக்கு வரும். காம்பேக் ஆட்கள் அதைப் பார்க்காத பொறியாளர்களை வைத்து, "இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் தரணும்" என்ற குறிப்பை மட்டும் கொடுத்து, புதிதாக எழுத வைத்தார்கள். 1984-ல் ஃபீனிக்ஸ் கம்பெனி அதே மாதிரி ஒரு பயாஸைச் செய்து யாருக்கு வேண்டுமானாலும் விற்க ஆரம்பித்தது. அதோடு ஐபிஎம்மின் ஸ்லாட்டும் கனெக்டரும் ஊர்ப்பொது ஆகிவிட்டன. நம்ம ஊரில் 1984 நவம்பர் கம்ப்யூட்டர் கொள்கைக்குப் பிறகு பாகங்கள் இறக்குமதி எளிதானது. ரிச்சி தெருவில் போர்டு ஒரு கடை, கேபினெட் ஒரு கடை, ராம் ஒரு கடை என்று வாங்கி "அசெம்பிள்டு செட்" போடும் பழக்கத்துக்கு அடித்தளம் அந்தப் பொதுவான அளவுகள்தான்.

ஐபிஎம் இதை மறுபடி தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. 1987 ஏப்ரலில் வந்த பிஎஸ்/2 பெட்டிகளில் மைக்ரோ சானல் என்ற புது ஸ்லாட். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான வேலை. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு எண் உண்டு. சொருகியதும் மெஷின் அந்த எண்ணைப் படித்து, ஃபிளாப்பியில் உள்ள விவரக் கோப்போடு ஒப்பிட்டு, தானே அமைத்துக்கொள்ளும். ஜம்பர், சுவிட்ச் எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது யார் என்று கம்ப்யூட்டர் தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஆபீஸ் மேஜைக்கு வந்தது அப்போதுதான். ஆனால் பழைய கார்டு எதுவும் அதில் சேராது, மற்றவர்கள் செய்யணும்னா ராயல்டி கட்டணும். அடுத்த வருஷமே காம்பேக் உட்பட ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து, பழைய கார்டும் உட்காரக்கூடிய ஈசா என்ற ஸ்லாட்டை அறிவித்தன. கடைசியில் இரண்டுமே நிலைக்கவில்லை. 1992-ல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ ஜெயித்தது.

கார்டு தன் பெயரைச் சொல்லும் யோசனை மட்டும் பிசிஐ-யில் உயிரோடு இருந்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிப்பாளர் எண் ஒன்று, சாதன எண் ஒன்று. இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்ட எண் 8086, தன் பழைய சிப்பின் பெயர்! விண்டோஸில் டிரைவர் இல்லாமல் மஞ்சள் ஆச்சரியக்குறி வரும்போது, ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய் ஹார்ட்வேர் ஐடி பார்த்தால் இந்த இரண்டு எண்ணும் இருக்கும். அதை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். பிராசசர் தன் பெயரைச் சொல்லும் சிபியுஐடி கட்டளை 1993 பென்டியத்தோடு பரவலானது. ராம் குச்சியில் ஓரமாக ஒரு பொடி சிப், தன் அளவும் வேகமும் அதில் எழுதியிருக்கும். பயாஸ் ஒரு அட்டவணையில் போர்டின் மாடல், சீரியல் நம்பர் வரை வைத்திருக்கும். ஆயிரம் பெட்டி வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது, அதனால் ஆபீஸ் பெட்டிகளில் இந்த அட்டவணை ஒழுங்காக நிரப்பியிருக்கும். அசெம்பிள்டு செட்டில் அதே இடத்தில் "டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்." என்று பல்லிளிக்கும்.

இப்படி எல்லாமே தன் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டது. பவர் சப்ளையைத் தவிர. அந்த ஒயருக்கு வாய் கிடையாது.

1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவுகளை வெளியிட்டபோது பி8, பி9 தொல்லைக்கு முடிவு கட்டியது. ஒரே பிளக், 20 பின், தலைகீழாகச் சொருக முடியாத வடிவம். கறுப்போடு கறுப்பு பாடத்தை மறந்துவிடலாம் என்று எல்லாரும் நிம்மதியானார்கள். ஆனால் 1990களின் கடைசியில் டெல் சில வருஷம் வெளியிட்ட பெட்டிகளில், பார்க்க அதே ஏடிஎக்ஸ் பிளக், உள்ளே ஒயர் வரிசை வேறு. வெளியிலிருந்து சாதாரண சப்ளை வாங்கி மாட்டினால் சேதம். பிளக்கின் வடிவம் என்பது ஒரு வாக்குறுதி. வடிவத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு வாக்குறுதியை விட்டுவிட்டார்கள். வேறு வடிவத்தில் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இன்றைய எட்டு பின் கதை கொஞ்சம் வேறு. இதில் முழுக்க சூது என்று நான் சொல்ல மாட்டேன். 1981-ல் போர்டில் இருந்த சிப்புகள் பெரும்பாலும் 5 வோல்ட் கேட்டன. இன்று பிராசசருக்கு 12 வோல்ட் வாங்கி, போர்டே பக்கத்தில் வைத்துக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் எதற்கு சப்ளையிலிருந்து 3.3, 5, 12 என்று மூணு வகை? பெட்டி சும்மா இருக்கும்போது மின்சாரம் வீணாகக் கூடாது என்ற விதிகளும் இறுகின. அதனால் பெரிய கம்பெனிகள் 12 வோல்ட் மட்டும் தரும் சப்ளைக்கு மாறின. ஹார்ட் டிஸ்குக்கான 5 வோல்ட்கூட போர்டிலிருந்தே ஒரு சின்ன ஒயரில் போகும். நல்ல யோசனைதான். 2020 வாக்கில் இன்டெல் இதற்குப் பத்து பின்னில் ஒரு பொது அளவும் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு வரிசை வைத்துக்கொண்டாகிவிட்டது. ஒருத்தருடைய ஆறு பின், இன்னொருத்தருடைய எட்டு பின், வேறொருத்தருடைய பத்து. ஒரே எண்ணிக்கையாக இருந்தாலும் எந்தப் பின்னில் எது என்பது மாறும். தம்பி வாங்கிய அடாப்டர் வேறொரு வரிசைக்குச் செய்தது. அவ்வளவுதான் விஷயம்.

இத்தனைக்கும் அந்த சப்ளையை மாற்றியிருக்கவே வேண்டாம். கிராபிக்ஸ் ஸ்லாட்டே 75 வாட் வரை தரும். தனி பவர் ஒயர் கேட்காத, 30 வாட்டில் ஓடும் குள்ள கார்டுகள் கிடைக்கின்றன. பத்திரிகை டிசைனுக்கு அதுவே அதிகம். உண்மையில் அந்தப் பெட்டிக்குத் தேவைப்பட்டது கார்டே இல்லை. ஒற்றை எட்டு ஜிபி குச்சிக்கு ஜோடியாக இன்னொன்றும், சுற்றுகிற ஹார்ட் டிஸ்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டியும்தான்.

நண்பர் இன்னொன்றும் கேட்டார், எப்படியும் போர்டு மாற்றுகிறோம், பிராசசரையும் எட்டாம் தலைமுறைக்கு ஏற்றிவிடலாமா என்று. அதே போர்டு வாங்கினால் முடியாது. இரண்டுக்கும் சாக்கெட் பெயர் 1151, பின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆனால் ஆறு, ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாவது வேலை செய்யாது. மறுபடியும் அதே வடிவம், வேறு உள்ளடக்கம்! 2021-ல் வந்த விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொள்ளும் இன்டெல் வரிசை பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறாம் தலைமுறை பெட்டிகள் நிறுவனங்களிலிருந்து கூட்டமாக வெளியேறி, மலிவாக நம் கைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டி கெட்டுப்போய் வரவில்லை, வயது முடிந்தது என்று யாரோ எழுதிவிட்டதால் வருகிறது.

செத்த போர்டில் ராம் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது. அதிலுள்ள பார்ட் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மாடல் பெயர் வைத்துத் தேடினால் மூணு விதமான போர்டு வரும். இந்த நம்பர் வைத்துத் தேடினால் அதே போர்டு மட்டும்தான் வரும். அப்படி உடைத்து விற்பவர் ஒருவரிடம் ஒன்று கிடைத்தது. பிராசசரும் ராமும் தப்பித்திருந்தன. பழைய சப்ளையையே திரும்ப மாட்டி, இன்னொரு எட்டு ஜிபி குச்சி, ஒரு எஸ்எஸ்டி போட்டார்கள். முகூர்த்த வேலையில் பன்னிரண்டு நாள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது, அது திரும்பவில்லை. அடாப்டர் ஒயரை அந்தத் தம்பி இன்னும் டூல் பெட்டியில் வைத்திருக்கிறானாம், மேலே ஸ்கெட்ச் பேனாவில் பின் வரிசையை எழுதி.