வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியக விண்கல் தொகுப்பு

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள விண்கல் தொகுப்பு, உலகின் மிகப் பழைய விண்கல் தொகுப்புகளுள் ஒன்று. பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ள விண்கற்களின் எண்ணிக்கையில் இதுவே உலகில் முதலிடம் பெறுகிறது.

தோற்றம்

1751 மே 26 மாலை, இன்றைய குரோவேசியாவின் ஹ்ராசினா சிற்றூரில் தீப்பிழம்பு தோன்றி, இரண்டு இரும்புக் கட்டிகள் வானிலிருந்து விழுந்தன. நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களைச் சாக்ரெப் ஆயரகம் எழுதி வாங்கியது. ஏறத்தாழ 39 கிலோ எடையுள்ள பெரிய கட்டி வியன்னா அரசக் கருவூலத்தை அடைந்து, 1778இல் அரண்மனை இயற்கைப்பொருள் காட்சியகத்துக்கு மாறியது. வானிலிருந்து இரும்பு விழும் என்பதை அக்கால அறிஞர் பலர் நம்பவில்லை. அக்காட்சியகத்தைச் சேர்ந்த ஷ்ட்யூட்ஸ் என்பவரே 1790இல் இதைக் கட்டுக்கதை என எழுதினார். ஆயினும் அவர் வெளியிட்ட அந்த வாக்குமூலமே, விண்கற்கள் புவிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்று 1794இல் இயற்பியலாளர் கிளாட்னி நிறுவ முயன்றபோது சான்றாக உதவியது.

ஆய்வுகள்

1808இல் வித்மான்ஷ்டெட்டன் என்னும் வியன்னா அறிஞர், ஹ்ராசினா இரும்பிலிருந்து அறுத்த தகட்டைச் சூடாக்கியபோது, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பட்டைகள் அதில் தெரிந்தன. நிக்கல் குறைந்த கலவையும் மிகுந்த கலவையும் பல லட்சம் ஆண்டுகள் மெல்லக் குளிர்ந்து பிரிவதால் இவை உண்டாகின்றன. இக்கோலம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1865இல் பீகாரின் ஷெர்கோட்டியில் விழுந்த கல்லை 1872இல் வியன்னாவின் கனிமவியலாளர் சேர்மாக் ஆராய்ந்து, மாஸ்கலினைட் என்னும் கண்ணாடிப் பொருளை விவரித்தார். அக்கல் செவ்வாயிலிருந்து வந்தது என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே தெளிவாயிற்று. அவ்வகைச் செவ்வாய்க் கற்கள் ஷெர்கோட்டைட் எனப்படுகின்றன.

காட்சிக்கூடம்

இன்றைய கட்டடம் 1889இல் திறக்கப்பட்டது. அதன் ஐந்தாம் கூடத்தில் ஏறத்தாழ 1,100 விண்கற்கள் உள்ளன; 2012இல் கூடம் புதுப்பிக்கப்பட்டது. 1866இல் இன்றைய உக்ரைனின் க்னியாஹின்யாவில் விழுந்த ஏறத்தாழ 300 கிலோ கல்லும், 2011இல் மொராக்கோவில் விழுந்த டிசின்ட் செவ்வாய்க் கல்லின் பெருந்துண்டு ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கவை.

சிறப்பு

விண்கல்லோடு அது விழுந்த நாள், இடம், கண்டவர் கூற்று ஆகியவற்றையும் சேர்த்துக் காத்ததே இத்தொகுப்பின் தனிச்சிறப்பு. கட்டுக்கதை என ஒதுக்கப்பட்ட ஹ்ராசினா இரும்பு, இன்றும் இக்கூடத்தில் உள்ளது.