பட்டினித் தீவு

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்திலே சாலமன் தீவுகளைக் கண்டுபிடிப்பது மாணவர்க்கு எளிதன்று. அவுஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, நீலப் பரப்பில் கடுகைத் தூவியதுபோலக் கிடக்கும் அத்தீவுகளுள் ஒன்று குவாடல்கனால். அதன் நீளம் ஏறக்குறைய 90 மைல். அகலம் 25 மைல். 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 7ஆந் திகதி தொடங்கி ஆறு மாத காலம் அங்கே நடைபெற்ற போரைப் பற்றி எழுதுவோர், பெரும்பாலும் கடற்சமர்களையும் வீரப் பதக்கங்களையுமே விரித்துரைப்பர். நான் இங்கே கூற விரும்புவது அரிசியைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியுமாம். அத்தீவில் மடிந்த யப்பானியருள், சமரிற் பட்டவரிலும் இவ்விரண்டுக்கும் இரையானவரே மிகுதி.

அவ்வாண்டு ஏப்ரில் மாதத்திற் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்க விமானங்களை அனுப்பிய யப்பானியக் கடற்படையை நம் நாட்டு மூத்தோர் நெடுங்காலம் மறந்திலர். அப்படையில் வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுள் மூன்று, இரண்டு மாதத்துக்குள் மிட்வே தீவருகே அழிந்தன. ஆயினும் யப்பானியர் தென்றிசை நோக்கிய முயற்சியைக் கைவிடவில்லை. குவாடல்கனாலில் ஒரு விமானத்தளம் அமைக்கலாயினர். அது முடியுந் தறுவாயிலே அமெரிக்க மரீன் படையினர் சுமார் 11,000 பேர் கரையிறங்கி அதனைக் கைப்பற்றிக்கொண்டனர். மறுநாள் இரவே சாவோ தீவருகே நேசநாடுகளின் நான்கு பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. பொருள் முழுவதையும் இறக்காமலே சரக்குக் கப்பல்கள் அகன்றன. கரையில் நின்றவர், பகைவர் விட்டோடிய அரிசியைப் பொங்கி, நாளைக்கு இரு வேளை உண்டு காலங்கழித்தனர்.

கரையோரத்தே தென்னந்தோட்டங்கள், அப்பால் ஆளை மறைக்கும் கூரிய புல்வெளிகள், அதற்கும் அப்பால் வெயில் நுழையாத மழைக்காடு. நனைந்த உடை உலர்வதில்லை. சிறு கீறலும் புண்ணாகும். நுளம்போ கணக்கற்றது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா நம் ஊர்களைச் சூறையாடிய கதையைக் கேட்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் உலகுக்கு வேண்டிய கொயினாவிற் பெரும் பகுதி யாவாவிலிருந்தே வந்தது. யாவாவோ 1942 மார்ச் மாதத்தில் யப்பானியர் வசமாயிற்று. கொயினாவின் சுரங்கமே கைவசமிருந்தும், அதில் ஒரு சிறங்கையை இத்தீவிலிருந்த தம் சிப்பாய்களிடம் சேர்க்க அவர்களால் இயலவில்லை. அமெரிக்கருக்கு அற்றபிரின் என்னும் மாற்று மருந்து கிடைத்தது. அது தோலை மஞ்சளாக்கியது. ஆண்மையை அழிக்கும் என்றொரு வதந்தியும் பரவவே, பலர் அதனை விழுங்காமல் துப்பிவிட்டனர். இளைஞர் எந்நாட்டிலும் இளைஞரே.

பசியும் நோயும் ஒருபுறமிருக்க, மனிதன் மனிதனுக்குச் செய்தவை வேறு. ஆகஸ்ட் 12ஆந் திகதி, யப்பானியர் சிலர் சரணடைய விரும்புகின்றனர் என நம்பிச் சென்ற 25 அமெரிக்கருள் மூவரே மீண்டனர். அதன்பின் இருபுறத்தும் இரக்கம் அருகிற்று. ஆகஸ்ட் 20ஆந் திகதி, ஓய்வுபெற்ற தீவுப் பொலிஸ்காரரான ஜேக்கப் வூசாவை யப்பானியர் பிடித்து, மரத்திற் கட்டி, வதைத்து, துப்பாக்கி ஈட்டியாற் குத்திச் சாகவிட்டுச் சென்றனர். அவர் கட்டைப் பல்லாற் கடித்தறுத்து, குருதி சொரிய அமெரிக்கர் அணியை அடைந்து எச்சரித்தார். அவருக்கு அப்போர் யாருடைய போர் என்று எவருங் கேட்டிலர். அன்றிரவும் மறுநாளும் நிகழ்ந்த சமரில் ஏறக்குறைய 800 யப்பானியர் மாண்டனர். காயமுற்றுக் கிடந்தோர் தம்மை அணுகிய மருத்துவ ஊழியர்மீதும் சுட்டனர். பின்னர்த் தாங்கிகள் இறந்தோர்மேலும் இறவாதோர்மேலும் ஏறிச்சென்றன. பகைவரின் உடலுறுப்புகளை நினைவுப் பொருளாக எடுக்கலாகாது என்று செப்டெம்பரில் அட்மிரல் நிமிட்ஸ் கட்டளையிட வேண்டியதாயிற்று. கட்டளை பிறந்ததே அச்செயல் நடந்தமைக்குச் சான்று.

ஒக்டோபரில் ஜெனரல் மருயாமாவின் படை, விமானத்தளத்தைத் தெற்கிலிருந்து தாக்கும்பொருட்டுக் காட்டினூடே வழிவெட்டிச் சென்றது. ஒவ்வொரு சிப்பாயும் தன் மூட்டையோடு பீரங்கிக் குண்டொன்றையுஞ் சுமந்தான். சேற்றிலும் செங்குத்திலும் பீரங்கிகள் வழியிலேயே கைவிடப்பட்டன. ஆகவே சுமந்த குண்டுகளுக்குப் பயனில்லாமற் போயிற்று. படத்தில் ஒரு விரற்கடை தூரம். காட்டில் அது பல நாட் பயணம். தொலைவிலிருந்து திட்டமிட்டோர் இவ்வேறுபாட்டை அளந்திலர். 24ஆந் திகதி இரவு களைத்த அப்படை பாய்ந்து, முட்கம்பியின் முன்னே மடிந்தது.

பகலில் அமெரிக்க விமானங்கள் வானை ஆண்டமையால், யப்பானியர் இரவிலே நாசகாரிக் கப்பல்களில் உணவு கொணர்ந்தனர். அரிசி அடைத்த பீப்பாய்களைக் கயிற்றிற் பிணைத்துக் கடலில் எறிவர். கரையிலுள்ளோர் இழுத்துக்கொள்ள வேண்டும். டிசெம்பர் 3ஆந் திகதி எறிந்த 1,500 பீப்பாய்களிற் சுமார் 310 மட்டுமே கரை சேர்ந்தன. இழுப்பவர் கைகளில் வலுவில்லை. விடிந்ததும் மிதந்தவற்றை விமானங்கள் சுட்டு மூழ்கடித்தன. அம்மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 பேர் பசியாலும் நோயாலும் தாக்குதலாலும் இறந்துகொண்டிருந்தனர். எழுந்து நிற்கக்கூடியவன் எத்தனை நாள், உட்காரக்கூடியவன் எத்தனை நாள் பிழைப்பான் என்று அதிகாரியொருவர் கணக்கு எழுதி வைத்தார். தீவின் பெயரில் முதலெழுத்தாகிய 'கா' என்னும் ஒலி யப்பானிய மொழியிற் பட்டினியையுங் குறிக்கும். சிப்பாய்கள் அதனைப் பட்டினித் தீவு என்றே அழைத்தனர்.

1943 பெப்ரவரி முதல் வாரத்தில், மூன்று இரவுகளில், எஞ்சிய யப்பானியருள் 10,000க்குச் சற்று மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டனர். வந்தவர் 30,000க்கும் அதிகம். கரைவரை நடக்க மாட்டாதவர் காட்டிலேயே விடப்பட்டனர்.

அமெரிக்கர் அமைத்த பாசறையைச் சுற்றி வளர்ந்த ஒனியாரா நகரே சாலமன் தீவுகளின் தலைநகராயிற்று. போர்க்காலக் குண்டுகள் அம்மண்ணில் இன்னும் உள்ளன. 2021ஆம் ஆண்டு மே மாதம் அந்நகரிலே சமையலுக்காகத் தீ மூட்டினர். அதன் அடியிற் புதைந்திருந்த பழைய எறிகணை வெடித்து இருவர் இறந்தனர்.