கையைப் பற்றுபவர்

நாமக்கல் மலையின் இரு புறத்தும் அதியர் 8-ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைகளில் நரசிம்மரும் அரங்கநாதரும் எழுந்தருளியிருக்க, உச்சிக் கோட்டையில் பெருமாள் கோயிலும் தர்காவும் ஒரே காற்றை வாங்கி நிற்பதைச் சிறு பிராயம் முதல் கண்டு பழகிய இவ்வூரார்க்கு, அதில் ஓர் அதிசயம் இருப்பதாகவே தோன்றுவதில்லை. அரங்கநாதர் குகையிலேயே பாதி ஹரியும் பாதி ஹரனுமாகச் சங்கரநாராயணரைச் செதுக்கி வைத்திருக்கும் மலை இது. ஆனால் தர்கா என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று வினவினால் விஷயம் நெடுந்தூரம் செல்கிறது.

அரசவாயில் என்று பொருள்படும் அந்தப் பாரசீகச் சொல்லும் அதன் இனத்துச் சொற்களும் இச்சமவெளிக்கு இரண்டு பாதைகளில் வந்தன. ஒன்று கச்சேரிப் பாதை: திப்பு சுல்தானின் சர்க்கார் பாஷையாயிருந்த பாரசீகம், 1792-இல் இச்சீமை கும்பினியார் வசமான பின்னரும், தாசில்தாராகவும் சிரஸ்தாராகவும் ஜமாபந்தியாகவும் குடியானவனுடைய வரிச்சுமையோடு ஒட்டிக்கொண்டது. மற்றொன்று பக்கிரிகளின் பாதை. எனக்கு இதுவே பெரிது.

சங்ககிரித் துர்க்கத்தில், சென்னகேசவப் பெருமாள் சந்நிதியுள்ள அதே மலையில், தஸ்தகீர் பெயரால் ஒரு தர்கா இருக்கிறது. தஸ்த் என்றால் கை. தஸ்தகீர், கையைப் பற்றித் தூக்கிவிடுபவர். காஸ்பியன் கடலோரத்துக் கீலான் நாட்டில் தோன்றி 1166-இல் பாக்தாதில் மறைந்தவரும், தமிழ் முஸ்லிம்களால் முகையத்தீன் ஆண்டவர் என்று போற்றப்படுபவருமான அப்துல் காதிர் ஜீலானியின் பட்டப்பெயர் இது. விழுந்தவன் எந்தக் குலத்தவன் என்று விசாரித்தபின் நீளும் கைக்கு இப்பெயர் பொருந்துமா?

இப்படிப் பேதம் பாராத பாரசீக ஞானியரின் உள்ளக்கிடக்கையை, 1273-இல் கோன்யா நகரில் மறைந்த ஜலாலுத்தீன் ரூமி, தம் மஸ்னவியில் ஒரு கதையாக்கினார். நால்வருக்குச் சேர்ந்து ஒரு காசு கிடைத்தது. பாரசீகனும் அரபியும் துருக்கனும் கிரேக்கனுமாகிய அவர்கள், அதைக் கொண்டு வாங்க வேண்டியது இன்னதென்று தத்தம் பாஷையில் கூவி அடித்துக்கொண்டார்கள். நால்வரும் கேட்டது திராட்சையைத்தான். நான்கு பாஷையும் அறிந்த ஒருவர் அங்கிருந்தால் சண்டை ஓய்ந்திருக்கும் என்கிறார் ரூமி.

தமிழுக்கு அத்தகைய ஒருவர் வாய்த்தார். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து 1838-இல் சென்னையில் மறைந்த மஸ்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். அதாவது அந்தத் தஸ்தகீரின் திருநாமம். உலகம் இட்ட மஸ்தான் என்ற பெயரோ, பரவசத்தில் மயங்கியவர் என்று பொருள்படும் பாரசீகம். அவர் பாடியதோ, தாயுமானவர் வழியில் கண்ணிகளாக, சித்தர்களின் பரிபாஷையில், மனோன்மணியை விளித்து. முருகன் தலமான திருத்தணிகையிலிருந்து வந்த மகாவித்துவான் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார்.