உருண்ட மூலை

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில் ராச்செஸ்டர் என்னும் பழம்பதி உள்ளது. நார்மானியர் அங்கு எழுப்பிய கற்கோபுரம் 113 அடி உயரத்துடன் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அதனைச் சுற்றி வருவோர் ஒரு விந்தையைக் காண்பர். மூன்று மூலைகள் சதுரமாக இருக்க, தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டு திரண்டிருக்கும். கட்டியவரின் பிழையன்று அது, போரின் தழும்பு.

1127ஆம் ஆண்டில் முதலாம் ஹென்றி மன்னன் இக்கோட்டையின் காவலைக் காண்டர்பரிப் பேராயர்க்கு வழங்கினான். அப்போது பேராயராயிருந்த வில்லியம் தெ கோர்பெய் என்பவரே இக்கோபுரத்தைக் கட்டுவித்தார். அடிச்சுவரின் கனம் ஏறத்தாழ 12 அடி. பகைவர் எளிதிற் புகாவண்ணம் வாயிலைத் தரைமட்டத்தில் வையாது மேல்தளத்தில் வைத்தனர். உள்ளே நடுவில் ஒரு குறுக்குச்சுவர். எல்லாத் தளத்தினின்றும் நீர் முகக்கும்படி அச்சுவரினுள்ளேயே கிணறு. இவ்வமைப்பின் அருமை பின்னரே விளங்கிற்று.

1215 ஜூனில் மகாசாசனத்திற்கு இசைந்த ஜான் மன்னன் விரைவில் அதனை மறுத்தான். போர் மூண்டது. எதிர்த்த பிரபுக்கள் ராச்செஸ்டரைக் கைப்பற்ற, அக்டோபரில் மன்னன் வந்து முற்றுகையிட்டான். கல்லெறி பொறிகளால் கோபுரம் அசையவில்லை. ஆகவே தென்கிழக்கு மூலையின் அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தூண்களால் முட்டுக் கொடுத்தனர். அத்தூண்களை எரித்துவிட்டால் மேலுள்ள சுவர் தானே சரியும் அன்றோ?

நவம்பர் 25ஆம் நாள் அரசனிடமிருந்து ஓர் ஆணை பிறந்தது. கோபுரத்தின் அடியில் தீ மூட்டுதற்காக, உண்பதற்கு உதவாத, ஆயினும் நன்கு கொழுத்த 40 பன்றிகளை இரவு பகல் பாராது அனுப்புமாறு தலைமை அமைச்சர் ஹியூபர்ட் தெ பர்க்குக்கு எழுதப்பட்டது. போர் நடுவிலும் எத்துணைச் சிக்கனம்! அவ்வாணையைத் தோற்சுருளில் படியெடுத்து வைத்த எழுத்தர் எவரோ, பெயர் தெரியவில்லை. கோப்புகளோடு காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு அவர்மீது தனிப் பரிவு உண்டாகிறது.

மூலை இடிந்தது. ஆயினும் உள்ளிருந்தோர் பணியவில்லை. குறுக்குச்சுவருக்கு அப்பால் ஒதுங்கி, தம் குதிரைகளையே கொன்று தின்று போரிட்டனர். நவம்பர் 30இல் பசிதான் அவர்களை வென்றது. அனைவரையும் தூக்கிலிட எண்ணினான் ஜான். எதிர்தரப்பாரும் நம்மவரை அவ்வாறே செய்வர் என்று அவனுடைய படைத்தலைவர் ஒருவரே தடுக்க, பெரும்பாலோர் சிறையோடு தப்பினர்.

அடுத்த ஆண்டே ஜான் இறந்தான். இடிந்த மூலையை அவன் மகன் மூன்றாம் ஹென்றியின் காலத்தில் புதிய முறைப்படி வட்டமாகக் கட்டினர். கூரையும் மரத்தளங்களும் மறைந்துவிட்டன. குறுக்குச்சுவரும் அதனுள் இறங்கும் கிணற்றுக் குழாயும் இன்றும் உள்ளன.