நட்சத்திரக் குறி போட்ட அந்த ஒரு வரி

ஸ்டேட்மென்டில் ஒரு வரி. மூன்று நான்கு ஆங்கில எழுத்து, ஒரு நட்சத்திரக் குறி, பாதியில் அறுந்து போன ஏதோ ஒரு பெயர், பக்கத்தில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொலைபேசி எண். கடைசியில் எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய் பற்று. நாம் வாங்கியதா, வீட்டில் யாராவது வாங்கியதா, இல்லை எவனோ கை வைத்துவிட்டானா?

நம் ஆட்கள் நாலு பேர் கூடும் இடத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் அது ஏதோ ஒரு சாஃப்ட்வேர் சந்தாவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரி ஏன் மனுஷனுக்குப் புரியாத பாஷையில் வருகிறது என்பதற்குப் பின்னால் ஐம்பது அறுபது வருடக் கதை இருக்கிறது. அது தெரிந்தால் வரியைப் படிப்பதும் சுலபம்.

ஆரம்பத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. 1958-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஊரில் சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலே, கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. பிற்பாடு 1976-ல் விசா என்று பெயர் மாறியது அந்தக் கார்டுதான். அப்போதெல்லாம் கடையில் கார்பன் தாள் வைத்த சீட்டில் கார்டை அழுத்தி இழுப்பார்கள், நாம் கையெழுத்துப் போடுவோம். மாதக் கடைசியில் பில்லோடு அந்தச் சீட்டுகளும் உறையில் வரும். கடையின் பெயர், நம் கையெழுத்து எல்லாம் கண்ணெதிரே. பணக்காரர்களின் கிளப்புகளில் உறுப்பினர் கையெழுத்திட்ட சீட்டுகளை மாதக் கடைசியில் சேர்த்து அனுப்பும் வழக்கம் இருந்ததால், இந்த முறைக்கு 'கன்ட்ரி கிளப் பில்லிங்' என்றே பெயர். நம் ஊர் மளிகைக் கடை பற்று நோட்டும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். செட்டியார் கடையில் புளி ஒரு கிலோ என்று எழுதியிருந்தால் அது புளி ஒரு கிலோதான்.

கார்டுகள் பெருகப் பெருக அத்தனை காகிதத்தையும் பிரித்து உறையிலிட்டு அனுப்ப வங்கிகளால் முடியவில்லை. 1970-களில் கம்ப்யூட்டர்கள் வந்தன. சீட்டை அனுப்புவதற்குப் பதில் அதிலிருந்த விவரத்தை ஒரு வரியாக அச்சடித்தால் போதும் என்று முடிவாயிற்று. சேமிப்பெல்லாம் வங்கிக்கு. ஆதாரத்தைத் தேடும் வேலை மட்டும் நமக்கு! 1974-ல் அமெரிக்காவில் பில்லிங் தவறுகளுக்கென்றே தனிச் சட்டம் வந்து, தவறான பற்றை 60 நாட்களுக்குள் எழுதிக் கேட்கலாம் என்ற உரிமையைக் கொடுத்தது.

அந்த ஒரு வரி எவ்வளவு நீளம்? கார்டுச் செய்திகளுக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 8583, 1987-ல் வெளியானது. அதில் கடையின் பெயருக்கும் இடத்துக்கும் சேர்த்து மொத்தம் 40 எழுத்துகள்தான். விசா அதைப் பெயருக்கு 25, ஊருக்கு 13, நாட்டுக்கு 2 என்று பங்கு போட்டுக்கொண்டது. மாஸ்டர்கார்டில் பெயருக்கு 22. நீளமான பெயர்கள் நடுவில் அறுந்து போவது இதனால்தான். தொலைபேசியிலோ இணையத்திலோ விற்பவருக்கு ஊர் என்று ஒன்று பெரிதாக இல்லை என்பதால், அந்த 13 எழுத்து இடத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைப் போடும் வழக்கம் வந்தது.

நட்சத்திரக் குறி வேறு கதை. இணையத்தில் சாஃப்ட்வேர் விற்க ஆரம்பித்த சின்னக் கம்பெனிகள் பல தாங்களே கார்டில் பணம் வாங்கவில்லை. ஊருக்கு ஊர் வரி கட்டுவது, கார்டுக் கணக்கு வைப்பது எல்லாம் பெரிய தலைவலி. 1994-ல் தொடங்கிய டிஜிட்டல் ரிவர் மாதிரி இடைநிலை விற்பனையாளர்கள் இதற்காகவே வந்தார்கள். அந்த வரியில் நட்சத்திரத்துக்கு முன்னால் இருப்பது இடையாளின் பெயர்ச் சுருக்கம், பின்னால் இருப்பது உண்மையான விற்பனையாளர். அதிலும் வருவது பெரும்பாலும் கம்பெனியின் சட்டப் பெயர்தான். நமக்குத் தெரிந்ததோ திரையில் இருக்கும் ஐகானின் பெயர். இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இருக்காது.

இது ஒரே தடவை வாங்கும் பொருளாக இருந்தவரை பெரிய தொல்லையில்லை. ரிச்சி தெருவிலோ நேரு பிளேஸிலோ சிடி வாங்கினோம், பணம் கொடுத்தோம், முடிந்தது. (ஒரிஜினல் சிடியா என்று கேட்காதீர்கள் :-)) முதலில் மாறியது ஆன்ட்டிவைரஸ். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய சரக்கு என்பதால், கார்டு எண்ணை வைத்துக்கொண்டு தானாகவே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 2009-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் இதைக் கேள்வி கேட்க, மெக்காஃபியும் சைமன்டெக்கும் ஆளுக்கு 3,75,000 டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டன. பெரிய கம்பெனிகளும் அதே பாதையில் வந்தன. 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 365-ஐ விட்டது. 2013 மே மாதம் அடோபி இனிமேல் பெட்டியில் அடைத்துப் புதுப் பதிப்பு கிடையாது, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. சொந்த வீடாக இருந்த சாஃப்ட்வேர் வாடகை வீடாகிவிட்டது.

எங்கள் புனே குடியிருப்பில் ரிடையரான ஒரு தஞ்சாவூர் மாமா இருக்கிறார். ஸ்டேட்மென்டைப் பிரின்ட் எடுத்துப் பென்சிலால் டிக் அடிக்கிற ரகம். போன வருடம் இப்படி ஒரு வரியில் நின்றுவிட்டார். வீட்டில் முதல் சந்தேகம் பதிமூன்று வயதுப் பேரன் மேல்தான். கேம் வாங்கியிருப்பான் என்று செம டோஸ். பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கார்டையே முடக்கப் போகிறேன் என்று மாமா சொன்னபோதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. நட்சத்திரத்துக்குப் பின்னால் இருந்த பெயரைப் பார்த்தோம். அதே தேதியை ஒட்டி முந்தைய வருடம் மருமகளுடைய மெயிலில் தேடினோம். பென்ஷன் காகிதங்களை ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக்க, மாமாவுக்காகவே அந்தப் பெண் எடுத்த ஏழு நாள் இலவச டிரையல்! தொகை ஏன் விளம்பரத்தில் போட்டதோடு பொருந்தவில்லை என்று மாமா விடாமல் கேட்டார். நியாயமான கேள்வி. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2016 டிசம்பர் 1 முதல் சேவை வரி, 2017 ஜூலை முதல் 18 சதவீத ஜிஎஸ்டி. பத்து டாலர் சந்தா 11.80 ஆகிறது. அதன் மேல் வங்கியின் அந்நியச் செலாவணி மார்க்கப், அந்த மார்க்கப்புக்கும் ஜிஎஸ்டி. பேரனுக்கு மாமா ஒரு சைக்கிள் பெல் வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி இதில் கொஞ்சம் கண்டிப்பு. என் பார்வையில் நல்ல கண்டிப்பு. 2009 ஆகஸ்ட் முதல் இணையத்தில் கார்டு போட்டால் இரண்டாவது கட்டச் சரிபார்ப்பு கட்டாயமானது. ஆனால் வெளிநாட்டுத் தளங்கள் அதில் மாட்டவில்லை. சந்தாக்கள் ஓடிபி இல்லாமலே சத்தமின்றிப் போய்க்கொண்டிருந்தன. 2019 ஆகஸ்ட் 21 சுற்றறிக்கையில் தொடங்கி, பலமுறை தவணை தள்ளி, 2021 அக்டோபர் 1 முதல் புது முறை முழுதாக அமலுக்கு வந்தது. முதல் தடவை நாம் ஓடிபி போட்டு அனுமதி தர வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால், யார், எவ்வளவு, எதற்கு என்று வங்கி செய்தி அனுப்ப வேண்டும். ஓடிபி இல்லாமல் போகக்கூடிய தொகைக்கு வரம்பு முதலில் 2,000 ரூபாய், 2021-ல் 5,000, 2022 ஜூனில் 15,000. ஒரு வகையில் 1970-களில் காணாமல் போன சீட்டு இப்போது எஸ்எம்எஸ்ஸாகத் திரும்பி வந்திருக்கிறது, அதுவும் பணம் போவதற்கு முன்பே.

அந்த எஸ்எம்எஸ் எந்த போனுக்குப் போகிறது என்பதில்தான் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சிக்கல். எண்ணை மாற்றாமல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் வசதி 2015 ஜூலையில்தான் நாடு முழுக்க வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் இங்கே புது சிம் வாங்கினோம். கணக்கு சொந்த ஊர்க் கிளையில், பதிவான எண் அங்கே அம்மா கையில். இன்னமும் அப்படியே வைத்திருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து உண்டு. முதலில் அதை மாற்றுங்கள்.

அப்படியும் வரி புரியவில்லையென்றால் வீட்டில் எல்லோருடைய மெயிலிலும் தொகையையும் தேதியையும் போட்டுத் தேடுங்கள். கூகுள் பிளே, ஆப்பிள் இரண்டிலும் சந்தாப் பட்டியல் தனியாக இருக்கும். குடும்பமாகச் சேர்த்து வைத்திருந்தால் குழந்தை வாங்கியதும் உங்கள் கார்டில்தான் விழும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியையும் பாருங்கள், 2020 முதல் அதுவும் உண்டு. நிஜமாகவே யாரும் வாங்கவில்லை என்று தெரிந்தால் தாமதம் கூடாது. வங்கியின் தவறோ நம் தவறோ இல்லாத மோசடியை, தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்குப் பொறுப்பே இல்லை என்று 2017 ஜூலை சுற்றறிக்கை வகுத்தது.

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 13 ஏமாற்று வடிவங்களின் பட்டியலில் 'சந்தாப் பொறி' ஒன்று. சாஃப்ட்வேர் சேவைகளுக்கு நைசாகப் பணம் பிடித்துக்கொண்டே இருப்பதும் தனியாகவே அதில் இருக்கிறது. டிரையல் முடிந்ததைச் சொல்லாமல் பணம் எடுத்தவர்கள் மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். அந்த வரியில் இருக்கும் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று சேர்த்துத் தேடி, முதலில் வருகிற எண்ணுக்குப் போன் போடாதீர்கள். ஆன்ட்டிவைரஸ் புதுப்பித்தாயிற்று, வேண்டாமென்றால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று பொய் பில் அனுப்புகிற கூட்டமும் இதே குழப்பத்தை நம்பித்தான் பிழைக்கிறது. கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வங்கி எண்தான் சரியான எண்.