புறநோயாளிப் பதிவில் புற்றுநோய்க் குறியீடு

மருத்துவர் கேஸ் பேப்பரில் எழுதும் நோய்முடிவை, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் அதற்குரிய எண்ணாக மாற்றுவதே புற்றுநோய்க் குறியீடாக்கம். அந்த வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் மார்பகப் புற்றுக்கு சி50, நுரையீரல் புற்றுக்கு சி34, வேறிடத்திலிருந்து பரவி வந்தவற்றுக்கு சி77 முதல் சி79 வரை, முன்பு இருந்து நீங்கிய புற்றுக்கு இசட்85 என எண்கள் உள்ளன. எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் கோடர் என்றாலும், அது சரியாக அமையுமா என்பது ஓ.பி. அறையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கோடர் நோயாளியைப் பார்ப்பதில்லை. ஸ்கேனைப் படித்து நோயை முடிவு செய்யும் உரிமையும் அவருக்கு இல்லை. மருத்துவர் எழுதாமல் விட்டதை அவர் ஊகித்து நிரப்பினால் அது பிழை. நிரப்பாவிட்டால் பதிவு குறைபட்டது.

மும்பை வடாலாவில் வசிக்கும் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தென்பட்டால், அவர் சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கி, பரேலில் உள்ள கே.இ.எம். வழியாக, 1941இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்குச் சென்று சேரலாம். ஓரிடத்தில் சந்தேகம், இன்னோரிடத்தில் பயாப்ஸி முடிவு, மூன்றாவதில் சிகிச்சை, சில ஆண்டுகள் கழித்து வெறும் பரிசோதனை. இந்த நான்கு நிலைகளுக்கும் நான்கு வெவ்வேறு எண்கள் தேவைப்படலாம். நான்கு தாள்களிலும் ‘சி.ஏ. பிரெஸ்ட்’ என்று மட்டும் எழுதினால் எல்லாம் ஒரே எண்ணில் போய் விழும். காப்பீட்டுக் கோரிக்கை அளவில் முடிகிற சிக்கல் அல்ல இது; நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டையும் பாதிக்கும். இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் 1963இல் மும்பையில் நிறுவிய பதிவேடுதான் நாட்டின் முதல் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கியது 1981இல்தான். பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று ஆவணங்களைப் பார்க்கிறார்கள். ஒரே நோயாளி பல இடங்களில் பதிவாகியிருந்தால் அவற்றை ஒன்றாக்குகிறார்கள். குறைந்தது ஓராண்டு மும்பையில் வசித்தவரையே நகரின் கணக்கில் சேர்க்கிறார்கள். சிகிச்சைக்காக வந்து பரேல் பக்கம் தங்குபவர் அந்தத் தற்காலிக முகவரியை மட்டும் கொடுத்துவிட்டால், வெளியூர் நோயும் மும்பைக் கணக்கில் ஏறக்கூடும்.

சந்தேகத்தை எப்படி எழுதுவது என்பதில் அமெரிக்க விதி தெளிவானது. அங்குள்ள நோயாளிகளின் ஆவணங்களைக் கையாளும் சென்னைக் கோடர்களுக்கும் அது நன்கு தெரியும். ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதப்பட்ட நோயைப் புறநோயாளிக்குக் குறியீடாக்கக் கூடாது; கட்டி, ரத்தப்போக்கு போன்ற அறிகுறியையே குறிக்க வேண்டும். இதனால் புற்றுநோயாளிகள் கணக்கில் விடுபட்டுவிடுவார்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். ஆனால் பயாப்ஸி முடிவு வந்ததும் அடுத்த வருகையிலேயே உரிய எண் இடம்பெறும். அதற்கு மாறாக, உறுதியாகாத புற்றுநோய் ஒருவர் கோப்பில் ஏறிவிட்டால் அது எளிதில் நீங்காது. பிற்காலத்தில் காப்பீடு கேட்கும்போது அவர் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தாமதத்தையும் தவறையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இதைவிடக் கடினமானது, நோய் இப்போது இருக்கிறதா, முன்பு இருந்ததா என்ற கேள்வி. கட்டியை அகற்றிய பிறகும் அந்தப் புற்றுக்கான கீமோவோ கதிர்வீச்சோ தொடர்ந்தால் சி வரிசை எண்ணே நீடிக்கும். சிகிச்சை முழுதும் முடிந்து, நோயின் தடயமும் இல்லையென்றால்தான் இசட்85. ரத்தப் புற்று இதற்கு விலக்கு: நோய் அடங்கிய நிலையிலும் சி எண்ணே தொடரும். மார்பகப் புற்றுக்குப் பின் ஐந்து முதல் பத்தாண்டுகள் வரை டமாக்ஸிஃபென் எடுத்துக்கொள்பவரின் நிலைதான் அதிகம் குழப்புவது. அந்த மாத்திரை சிகிச்சையின் பகுதியா, இனி வராமல் தடுக்கவா? மருந்துச் சீட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மருத்துவர் சொன்னாலன்றி வேறு யாராலும் பிரித்தறிய முடியாது. எலும்பில் புற்று என்றாலும் அப்படியே. எலும்பிலேயே தோன்றியிருந்தால் சி40 அல்லது சி41. மார்பகத்திலிருந்து பரவியிருந்தால் சி79.5, அதோடு மூல உறுப்பின் நிலையைச் சொல்லும் எண்ணும் வேண்டும். முதன்முதலில் கண்டறிந்த ஆண்டும் தாளில் இல்லையென்றால், பழைய நோயாளி பதிவேட்டில் புதியவராக எண்ணப்படும் வாய்ப்பும் உண்டு.

கூட்டம் நெரியும் அரசு ஓ.பி.யில் இத்தனை விவரம் எழுத நேரமேது என்பது நியாயமான கேள்வி. ஆனால் கேட்கப்படுவது பக்கம் பக்கமான விளக்கமல்ல. ‘இடது மார்பகப் புற்று, 2019 பயாப்ஸியில் உறுதி, அறுவையும் கதிர்வீச்சும் முடிந்தன, நோயின் தடயம் இல்லை, டமாக்ஸிஃபென் துணைச் சிகிச்சையாகத் தொடர்கிறது’ என்ற ஒரே வரி போதும். அடுத்த முறை அந்த நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டும் நேரமும் அதனால் மிச்சமாகும். இனி கணினியே குறியீட்டைப் போட்டுவிடும் என்பவர்கள், அது எதைப் படித்துப் போடும் என்பதையும் சொல்ல வேண்டும். தாளில் ‘சி.ஏ. பிரெஸ்ட்’ மட்டும் இருக்கும்வரை, கட்டி அகற்றப்பட்டு மருந்தும் நிறுத்தி நலமாக இருக்கும் பெண்ணுக்கும், நேற்று கீமோ ஏற்றிக்கொண்ட பெண்ணுக்கும் மென்பொருள் ஒரே சி50ஐத்தான் கொடுக்கும்.