சூலைப் பெயரிட்டவர்கள்

1852-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் சாசலிட்டோவில் ஏ. சி. ஜாக்சன் தூண்டிலில் பிடித்த மீனை அறுத்தார். வயிற்றில் உயிருள்ள குஞ்சுகள் இருந்தன. அவரது கடிதத்தைக் கண்ட விலங்கியலாளர் லூயி அகாசி, 1853-இல் மீனுக்கு ‘எம்பியோடோகா ஜாக்சோனி’ என்று பெயரிட்டார். சுமந்தது தாய், பெயர் பிடித்தவருக்கு. அக்கரையில் காலங்காலமாக வாழ்ந்த கோஸ்ட் மிவோக் இனப் பெண்கள் அதற்குமுன் இம்மீனை அறுத்ததே இல்லையா? அவர்களுடைய அறிவு ‘கண்டுபிடிப்பு’ என்று ஏட்டில் ஏறவில்லை.

சர்ஃப் பெர்ச் அந்தக் குடும்பத்து மீன். இறகும் நூலும் கட்டிய போலி இரையை வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கை, கலிபோர்னியக் கடற்கரையில் பலர் இம்மீனிடமே தொடங்குகிறார்கள். படகு வேண்டாம், ஏறுகின்ற ஓதமும், மூழ்கும் தூண்டில் கயிறும், அலை பறித்த கரையோரப் பள்ளமும் போதும். இரையில் ஆரஞ்சு நிறம் சேர்ப்பார்கள். மணலில் புதையும் பெண் நண்டு அடிவயிற்றில் சுமக்கும் முட்டைகளின் நிறம் அது. ஒரு தாயின் முட்டையைக் காட்டி இன்னொரு தாயைப் பிடிக்கிறோம்.

இளவேனிலில் பிடிபடும் மீனின் வயிறு பருத்திருந்தால் அது சூலாக இருக்கலாம். தூண்டில் வீசப் பழகும் பெண் அதையும் அடையாளம் காணப் பழகட்டும். ஈரக் கையால் ஏந்தி, அலையிலேயே விட்டுவிடட்டும். அறுக்காமலே அறியலாம்.